காரைக்கால் காக்கையும் எண்பத்து நாலு வாத்தும்

வேதாரண்யத்துக்குத் தெற்கே ஈச்சங்கொல்லை என்று ஓர் ஊர். அந்த ஊரில் புத்திசாலியே கிடையாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஒருவர் இருந்தார். திருத்துறைப்பூண்டியில் பெண் எடுத்து அங்கேயே தங்கிவிட்டார். மற்றவர்கள் எல்லோரும் சௌக்கியம்.

அந்த மற்றவர்களில் நான்கு பேர் வியட்நாமுக்குப் போன கதை இது.

முதல் ஆள் வைரக்கண்ணு. வயது அறுபத்து மூன்று, படிப்பு ஐந்தாம் வகுப்பு. உப்பளத்தில் முப்பத்தோரு வருஷம் மூட்டை எண்ணியவர். கூச்ச சுபாவம், யாரோடு பேசினாலும் பக்கத்திலிருக்கிற தூணைப் பார்த்துத்தான் பேசுவார். ஆனால் எண்ணிக்கையில் புலி. ஒரு வீட்டுக்குள் நுழைந்தால் ஜன்னல் எத்தனை, நாற்காலி எத்தனை, பல்லி எத்தனை என்று முடித்த பிறகுதான் உட்காருவார். முப்பத்தோரு வருஷத்தில் ஒரு நாள்கூட அவரைப் பார்த்து 'நீ வேலைக்கு வேண்டாம், போ' என்று யாரும் சொன்னதில்லை. அதில் அவருக்கு உள்ளூர ஒரு பெருமை.

இரண்டாவது கலியபெருமாள். எதையும் யோசிக்காமல் செய்யமாட்டார். ஆபத்து அங்கேதான் இருந்தது. மூன்றாவது அவர் மனைவி செண்பகம். நான்காவது செண்பகத்தின் தம்பி அடைக்கலம், சந்தேகம் கேட்பதற்கென்றே பிறந்தவன்.

கலியபெருமாளின் அண்ணன் மகன் சென்னையில் கம்ப்யூட்டர் வேலையில் இருந்தான். அவன்தான் ஏற்பாடு செய்தான். மீகாங் ஆறு கடலில் சேருகிற இடத்தில் ஒரு விவசாயக் குடும்பம். தினம் ஐந்து மணி நேரம் வேலை செய்தால் தங்க இடமும் மூன்று வேளைச் சாப்பாடும் அவர்கள் பொறுப்பு. முப்பது நாள். திரும்பி வரும் விமானம் முப்பத்தோராம் நாள்.

"பாஷை?" என்று கேட்டான் அடைக்கலம்.

பாஷைக்குக் கவலையில்லை. அந்த வீட்டு அம்மாவின் பெயர் ஹான். வயது ஐம்பத்தெட்டு. அவளுடைய அப்பா காரைக்காலிலிருந்து அந்தக் காலத்தில் கப்பலேறிப் போய், சைகோனில் ஜவுளி விற்று, அங்கேயே கல்யாணம் செய்துகொண்டவர். கடைசிக் காலத்தில் மகள் வீட்டுக்கு வந்து சேர்ந்தார். அவர் காலமாகி ஆறு வருஷம் ஆகிறது. அதிலிருந்து அவளுக்குத் தமிழ் பேச ஆளில்லை. தமிழ் பேசுகிறவர்களாகப் பார்த்து அனுப்பச் சொல்லியிருந்தாள். அவள் கேட்டது அது ஒன்றுதான். வேறு தகுதி எதையும் கேட்கவில்லை.

படகுத்துறையில் வந்து நின்று நால்வரையும் பார்த்ததும் ஹான் அக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது. "வாங்க, வாங்க. இந்த வீட்டை உங்க வீடு மாதிரி நினைச்சுக்குங்க," என்றாள்.

நால்வரும் அப்படியே நினைத்துக்கொண்டார்கள்.

சாயங்காலம் அக்காவின் கணவர் லொய் சந்தையிலிருந்து இரண்டு கையிலும் பையோடு வந்தார். வாசலில் அடைக்கலம் குறுக்கே கையை நீட்டினான்.

"யாருங்க நீங்க? யாரைப் பாக்கணும்?"

லொய்க்குத் தமிழ் ஒரு சொல்லும் தெரியாது. சிரித்தார்.

"மச்சான், யாரோ ஒரு ஆளு நம்ம வீட்டுக்கு வந்து சிரிக்கிறாரு," என்று உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தான் அடைக்கலம்.

கலியபெருமாள் வந்து மேலும் கீழும் பார்த்தார். "பையில காய்கறி இருக்கு. வியாபாரிதான். நாளைக்கு வரச் சொல்லு."

அக்கா கொல்லையிலிருந்து வரும்வரை லொய் தன் வீட்டு வாசலில் நாற்பது நிமிஷம் நின்றார். வைரக்கண்ணு கைக்கடிகாரத்தில் பார்த்ததால் இது சரியான கணக்கு.

மூன்றாம் நாள் பன்றிக்குட்டி ஒன்றைக் கால்வாய்க்கு அக்கரையில் கொண்டுபோய் விடச் சொன்னாள் அக்கா. அந்த ஊர்க் கால்வாய்ப் பாலம் என்பது நடக்க ஒரு மூங்கில், பிடிக்க ஒரு மூங்கில், அவ்வளவுதான். பன்றிக்குட்டியைக் கூடையில் போட்டு, கூடையைக் கழியில் கட்டி, கழியின் ஒரு முனையைக் கலியபெருமாளும் மறுமுனையை அடைக்கலமும் தோளில் வைத்துக்கொண்டார்கள். செண்பகம் முன்னால் போனாள். வைரக்கண்ணு கடிகாரத்தைப் பார்த்தபடி பின்னால் வந்தார். நடுப்பாலம் வந்தது.

"நில்லுங்க," என்றார் வைரக்கண்ணு. "அஞ்சு மணி நேரம் ஆயிடுச்சு."

"அண்ணே, பாதியில நிக்கிறோம்."

"இருக்கட்டும். பேச்சு அஞ்சு மணி நேரம். அதுக்கு மேல ஒரு அடி வச்சாலும் பேச்சு தவறின மாதிரி."

"அப்போ இதை எறக்கி வைக்கலாமா?" என்றான் அடைக்கலம்.

கலியபெருமாள் யோசித்தார். "எறக்கிறதும் வேலைதானே?"

"சும்மா தூக்கிட்டு நின்னா?"

"அது ஓய்வு."

ஆகவே இரண்டு மணி நேரம் பன்றிக்குட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு ஓய்வெடுத்தார்கள். பன்றிக்குட்டி அப்படி எந்தப் பேச்சுக்கும் ஒப்புக்கொள்ளாததால் ஊர் கேட்கக் கத்திற்று. லொய் படகில் வந்து முதலில் குட்டியை இறக்கினார். பிறகு ஒருவர் ஒருவராக நால்வரையும் இறக்கினார்.

ஆறாம் நாள் நடவு. நால்வரும் உப்பளத்து ஆட்கள்; நாற்று நட்டதில்லை. "ஒண்ணும் கஷ்டமில்ல. அவர் என்ன செய்யுறாரோ அதைப் பாத்து அப்படியே செய்யுங்க," என்று சொல்லிவிட்டு அக்கா அடுப்பைப் பார்க்கப் போனாள்.

லொய் குனிந்தார், நால்வரும் குனிந்தார்கள். லொய் நாற்றை ஊன்றினார், நால்வரும் ஊன்றினார்கள். லொய் கழுத்தில் கொசுவை அடித்தார். நான்கு கழுத்தில் நான்கு அடி விழுந்தது.

"எனக்குக் கொசு கடிக்கலையே, மச்சான்?" என்றான் அடைக்கலம்.

"அது கொசுவோட தப்பு. நீ அடி."

லொய் திரும்பிப் பார்த்தார். எட்டுக் கண்கள் தன்னையே பார்ப்பதைக் கண்டு கொஞ்சம் பயந்து, கால் வழுக்கிச் சேற்றில் மல்லாந்தார். நால்வரும் அக்கம்பக்கம் பார்த்து இடம் விட்டு, ஒழுங்காக மல்லாந்தார்கள். எழுந்து வரப்போரம் ஒதுங்கிப் போனார் லொய். மூன்று பேர் கூடவே ஒதுங்கினார்கள். செண்பகம் மட்டும், "இந்த வேலைக்கு நான் வரல," என்று கோபித்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டாள்.

ஒன்பதாம் நாள்தான் விஷயம் முற்றியது. அக்காவிடம் எண்பத்து நாலு வாத்து இருந்தன. எல்லாம் பழுப்பு. அதில் ஒன்று இடது காலைக் கொஞ்சம் இழுத்து நடக்கும். அறுவடையான வயலுக்கு அவற்றை ஓட்டிக்கொண்டு போகும் பொறுப்பு வைரக்கண்ணுக்கு வந்தது.

"அண்ணே, எத்தனை போகுதோ அத்தனை திரும்பி வரணும். ஒண்ணு கூடாம, ஒண்ணு குறையாம," என்றாள் அக்கா.

வைரக்கண்ணுக்கு மனம் நிறைந்துவிட்டது. இந்த நாட்டில் அவருக்குப் புரிகிற மாதிரி யாரோ பேசியது அதுதான் முதல் தடவை.

வயலில் பக்கத்து வீட்டுக்காரரின் வாத்துகளும் மேய்ந்தன. இரண்டு மந்தையும் ஒன்றாகக் கலந்தன. வைரக்கண்ணு கலங்கவில்லை. வரப்பில் நின்று எண்பத்து நாலு எண்ணினார், பிரித்தார், ஓட்டிக்கொண்டு வந்தார்.

"எண்ணிக்கை சரிம்மா," என்றார் தூணிடம்.

அக்கா பார்த்தாள். முப்பத்தொரு வாத்துகளின் இறக்கையில் சிவப்புச் சாயம் இருந்தது. அது பக்கத்து வீட்டு அடையாளம்.

"அண்ணே, இது நம்ம வாத்து இல்லையே?"

"எண்ணிக்கையைத்தான் சொன்னீங்க. வாத்தைப் பத்தி ஒண்ணும் சொல்லலையேம்மா."

பக்கத்து வீட்டுக்காரர் வந்து கத்தினார். அவர் கத்தியது நால்வருக்கும் புரியவில்லை. ஆனால் நீளமாக இருந்தது. வாத்துகளை மாற்றிக்கொண்டு அவர் போன பிறகு ஹான் அக்கா நால்வரையும் வரிசையாக உட்கார வைத்தாள்.

"பன்னிரண்டாம் நாள் எங்க அப்பாவோட நினைவு நாள். வருஷத்துல ஒரு நாள். நாப்பது பேர் சாப்பிட வருவாங்க. அப்பா ஊர்லேர்ந்து ஆளுங்க வந்திருக்காங்கன்னு அத்தனை பேர்கிட்டயும் சொல்லி வச்சிருக்கேன். அன்னைக்கு ஒரே ஒரு தப்பு நடந்தாலும், மறுநாள் காலையில உங்களைப் படகுல ஏத்தி அனுப்பிடுவேன். அதுக்கப்புறம் விமானம் வர்றவரைக்கும் எங்க தங்குவீங்களோ, எனக்குத் தெரியாது. என் மானம் உங்க கையில இருக்கு."

அடைக்கலம் தன் இரண்டு கையையும் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

வைரக்கண்ணு அன்று சரியாகச் சாப்பிடவில்லை. முப்பத்தோரு வருஷம் கேட்காத வார்த்தையை அறுபத்து மூன்று வயதில், அதுவும் கடல் கடந்து வந்து கேட்பதா? இனி அக்கா சொல்கிற ஒரு சொல்லையும் கீழே விடுவதில்லை என்று முடிவு செய்தார்.

பன்னிரண்டாம் நாள் வந்தது. நம்பினால் நம்புங்கள், காலையில் ஒரு தப்பும் நடக்கவில்லை. நான்கு மேஜை, மேஜைக்குப் பத்து நாற்காலி என்று போட்டார்கள். வைரக்கண்ணு மூன்று தடவை எண்ணினார். நாற்பது பேரும் வந்து உட்கார்ந்தார்கள். கூடத்தில் அப்பாவின் படத்துக்கு முன்னால் படையல்: முட்டை போட்டு வேகவைத்த பன்றிக்கறி, பாகற்காய் சூப், மாவுத்தாளில் இறைச்சி வைத்துச் சுருட்டிப் பொரித்த சுருள், காரைக்கால் மீன்குழம்பு ஒரு கிண்ணம். மூன்று ஊதுவத்தி புகைந்தது. அந்த நாட்டு வழக்கப்படி, வத்தி எரிந்து முடிந்தால் இறந்தவர் சாப்பிட்டுவிட்டார் என்று பொருள். பிறகு அந்தத் தட்டுகளை எடுத்து எல்லோரும் சாப்பிடலாம்.

லொய்யின் அண்ணன் பெரிய மனிதர். வயதானவர். அவரைக் கூட்டிவரப் படகுத்துறைக்குக் கிளம்பின அக்கா வாசலில் நின்று சொன்னாள்: "அப்பா முதல்ல சாப்பிடணும். அவர் சாப்பிட்டு முடிக்கிறவரைக்கும் யாரும் கை வைக்கக் கூடாது. பாத்துக்குங்க."

"ஆகட்டும்மா," என்றார் வைரக்கண்ணு. உடனே போய்ச் சுருள்களை எண்ணினார். இருபத்து நாலு.

வத்தி எரிந்து முடிந்தது. லொய் எழுந்து வந்து தட்டை எடுக்கக் கை நீட்டினார். செண்பகம் கரண்டியோடு குறுக்கே நின்றாள்.

வைரக்கண்ணு எண்ணிப் பார்த்தார். "இருபத்து நாலும் அப்படியே இருக்கு. அப்பா இன்னும் தொடவேயில்லை."

லொய் அணைந்த வத்தியைக் காட்டினார். பிறகு வயிற்றைக் காட்டினார். பிறகு நாற்பது பேரைக் காட்டினார்.

"பாவம், மருமகனுக்குப் பசி. மாமனார் சாப்பிடாம கேக்குறாரு பாரு," என்றாள் செண்பகம்.

"அப்பா ஏன் வரல?" என்றான் அடைக்கலம்.

கலியபெருமாள் யோசித்தார். அவர் முகம் மெல்ல மாறியது. "செத்துப்போனவர் எப்படிடா வருவாரு? நம்ம ஊர்ல எப்படி வருவாங்க?"

"காக்கையா வருவாங்க."

"இங்கே காக்கையைப் பாத்தியா?"

எல்லோரும் வைரக்கண்ணுவைப் பார்த்தார்கள். "பன்னிரண்டு நாள்ல கொக்கு நூத்துப் பதினாறு. சிட்டுக்குருவி நானூத்து ரெண்டு. காக்கை ஒண்ணுமில்லை."

"அப்போ காரைக்கால்லேர்ந்துதான் வரணும்," என்றார் கலியபெருமாள். "அவர் ஊர்க் காக்கை அங்கேதானே இருக்கும்."

"எத்தனை நாளாகும்ணே?"

வைரக்கண்ணு தூணைப் பார்த்து உதடு அசையாமல் கணக்குப் போட்டார். "வழியில எங்கேயும் கருவாடு காயப் போடலைன்னா எட்டு நாள். போட்டிருந்தா சொல்ல முடியாது."

"நடுவுல கடல். உக்கார மரமில்லையே?"

"கப்பல்ல உக்காரும்."

"அந்தக் கப்பல் காரைக்காலுக்குத் திரும்பிப் போற கப்பலா இருந்தா?"

நால்வரும் கவலையோடு வாசல் வழியே வானத்தைப் பார்த்தார்கள். வெளியே நாற்பது பேரும் கூடத்தையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் வெறும் கிண்ணத்தைக் குச்சியால் தட்டினார்.

"எட்டு நாள் இவங்களை உக்கார வைக்க முடியாது. அக்கா மானம் போயிடும். நாளைக்குப் படகுல ஏத்திடுவாங்க," என்றார் வைரக்கண்ணு.

"நம்ம ஊர்ல வாத்தியார் வரலைன்னா என்ன செய்வாங்க?" என்றார் கலியபெருமாள்.

"வேற வாத்தியாரை உக்கார வைப்பாங்க."

"காக்கை வரலைன்னா?"

அடைக்கலம் கொல்லையைப் பார்த்தான். "வேற பறவையை..."

எண்பத்து நாலு வாத்தில் எதைப் பிடிப்பது என்பதில் தகராறு வரவில்லை. அப்பாவுக்கு இடது கால் கொஞ்சம் இழுக்கும் என்று அக்கா முதல் நாளே சொல்லியிருந்தாள். கால் இழுக்கும் வாத்து தானாகவே முன்னால் வந்து நின்றது. வைரக்கண்ணுக்கு மயிர்க்கூச்செறிந்தது.

"மன்னிச்சுக்குங்க ஐயா. இத்தனை நாளா உங்களையும் வாத்தோட சேத்து எண்ணிட்டேன்," என்றார்.

சோற்றுப்பானையின் அடிக்கரியை வழித்துத் தலை முதல் வால் வரை பூசினார்கள். ஏணி வைத்துக் கூரையில் ஏற்றினார்கள். முற்றத்தில் நின்று வானத்தைப் பார்த்துக் கை குவித்து நால்வரும் கூப்பிட்டார்கள்: "கா... கா... கா..."

கூரையில் நின்ற அப்பா, "க்வாக்," என்றார்.

விருந்தாளிகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அக்காவின் அப்பாவுடைய சொந்த நாட்டு ஆட்கள். அவர்கள் கண்ணில் நீர். ஆகவே இது அந்த நாட்டுச் சடங்கு. மரியாதை தெரிந்தவர்கள் சடங்கின்போது உட்கார்ந்திருக்கலாமா? முதல் மேஜை எழுந்தது. பிறகு மற்ற மூன்றும் எழுந்தன. நாற்பது பேரும் கூரையைப் பார்த்துக் கை குவித்து, "கா... கா..." என்றார்கள். லொய்யும் வேறு வழியில்லாமல் சேர்ந்துகொண்டார்.

அந்த நேரத்தில்தான் ஹான் அக்கா லொய்யின் அண்ணனைக் கூட்டிக்கொண்டு வாசலில் வந்து நின்றாள்.

நாற்பத்தைந்து பேர் சத்தத்தில் வாத்து மிரண்டு கூரையிலிருந்து முற்றத்தில் பொத்தென்று விழுந்து, இடது காலை இழுத்து இழுத்து நேரே கூடத்துக்குள் போய், படத்துக்கு முன்னால் ஏறி, மீன்குழம்பில் ஒரு வாய் பார்த்துவிட்டுச் சுருளுக்கு வந்தது.

"ஒண்ணு," என்றார் வைரக்கண்ணு. "ரெண்டு... மூணு..."

ஒன்பதாவது சுருளோடு வாத்து நிறுத்திவிட்டது.

"இன்னும் பதினஞ்சு பாக்கி. யாரும் கை வைக்கக் கூடாது," என்றார் வைரக்கண்ணு. சொல்லிவிட்டுத் திரும்பியபோதுதான் அக்காவைப் பார்த்தார். பார்த்த உடனே தூணைத் தேடினார். தூணுக்குப் பின்னால் ஏற்கனவே அடைக்கலம் ஒளிந்திருந்தான்.

லொய்யின் அண்ணன் கைத்தடியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அக்காவிடம் ஏதோ சொன்னார்.

அக்கா முந்தானை இல்லாததால் சட்டைக் கையால் முகத்தை மூடிக்கொண்டாள். தோள் குலுங்கியது. அழுகிறாளா, சிரிக்கிறாளா என்று வைரக்கண்ணுக்குத் தெரியவில்லை. கையை எடுத்தபோது இரண்டும் தெரிந்தது.

"எங்க அப்பா ஒவ்வொரு அமாவாசைக்கும் இதே முற்றத்துல நின்னு இப்படித்தான் கூப்பிடுவாரு. ஒரு காக்கையும் வந்ததில்லை. நாங்க எல்லாம் அவரைக் கேலி பண்ணுவோம்," என்றாள். "அப்பாவுக்கு இன்னைக்குத்தான் மரியாதை நடந்திருக்குன்னு பெரியவர் சொல்றாரு."

"அம்மா, இன்னும் பதினஞ்சு..."

"அவர் ஒன்பதுக்கு மேல சாப்பிட மாட்டாருண்ணே. சர்க்கரை வியாதி."

வைரக்கண்ணு நிம்மதியாகப் பெருமூச்சு விட்டார். "முடிச்சுட்டாராம். எல்லாரும் சாப்பிடலாம்," என்று உத்தரவு கொடுத்தார். நாற்பது பேரும் சாப்பிட்டார்கள். போகும்போது நால்வருக்கும் தனித்தனியாகத் தலை குனிந்து வணக்கம் சொன்னார்கள். பக்கத்து வீட்டுக்காரர் தன் அம்மாவின் நினைவு நாள் எப்போது வருகிறது என்று சொல்லி, கரி தானே கொண்டுவருவதாகவும் சொல்லிவிட்டுப் போனார்.

"முப்பது நாளும் இருந்துட்டே போங்க," என்றாள் அக்கா.

மறுநாள் காலை அக்கா பல் தேய்த்துக்கொண்டிருந்தபோது வைரக்கண்ணு வந்து தூணுக்குப் பக்கத்தில் நின்றார். மற்ற மூவரும் அவருக்குப் பின்னால் நின்றார்கள். அடைக்கலம் இரண்டு கையிலும் ஒரு துண்டை ஏந்திக்கொண்டிருந்தான்.

"எண்ணிட்டீங்களாண்ணே?"

"எண்ணிட்டேன்மா. எண்பத்து மூணு வாத்து, ஒரு அப்பா. கணக்கு சரி." கொஞ்சம் தயங்கினார். "ஆனா அப்பா ஒரு முட்டை போட்டிருக்காங்க."

அக்கா வாயைக் கொப்பளிக்க மறந்து நின்றாள்.

"சமைக்கலாம்னு செண்பகம் சொன்னா. நான்தான் அதட்டினேன்," என்றார் கலியபெருமாள்.

"அடை வச்சா இருபத்தெட்டு நாள் ஆகும்மா," என்றார் வைரக்கண்ணு. "எங்களுக்குப் பாக்கி இருக்கிறது பதினேழு நாள்தான். ஒரு பதினோரு நாள் கூடத் தங்கிக்கிறோம். உங்களுக்குப் பொறக்கப்போறது தம்பியா தங்கச்சியான்னு பாக்காம நாங்க எப்படிம்மா போறது?"

அவர் என்ன சொல்கிறார் என்று லொய் கேட்டார். அக்கா ஒரு சொல் விடாமல் அவர் பாஷையில் சொன்னாள். லொய் வெகு நேரம் அந்தத் துண்டையே பார்த்தார். பிறகு எழுந்து, மாமனாருக்கு வைக்கோல் பரப்பக் கொல்லைப் பக்கம் போனார்.